போன் டிக்கெட் வந்துடுச்சா? ஓரிகன்ல ஃபைனுக்கு பதிலா கோர்ஸ் எடுக்கறது எப்படி

வண்டி ஓட்டறப்ப போனை கையில வெச்சிருந்ததுக்கு போலீஸ் குடுக்கற ஃபைன் டிக்கெட் கைல வந்த அன்னிக்கே ஆன்லைன்ல போய் காசு கட்டிடாதீங்க. இதைத்தான் மொதல்ல சொல்லணும், ஏன்னா அமெரிக்கால ஓரிகன் ஸ்டேட்ல எங்க ஹில்ஸ்போரோ, பீவர்டன் பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேர் பண்றது அதான். போலீஸ் நிறுத்திட்டாங்க, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, ஆபீஸ்ல யாருக்கும் தெரியவேணாம், கார்டை எடுத்து 265 டாலரை கட்டித் தொலைச்சுட்டு மறந்துடலாம்னு நெனைக்கறோம். ஆனா காசு கட்டறதுன்னா தப்பையும் ஒத்துக்கிட்டு தண்டனையையும் ஏத்துக்கிட்டதா ஆயிடும், கேஸ் அங்கேயே முடிஞ்சுடும், ஃபைனுக்கு பதிலா கவனம் சிதறாம ஓட்டக் கத்துக்குடுக்கற கோர்ஸ் எடுக்கறேன்னு கேக்கறதுக்கு அப்புறம் எடமே இருக்காது.

எனக்கு எப்படி ஆச்சுன்னு சொல்லிடறேன். நவம்பர் மாசம், சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், விடாம தூறல். கார்னெல் ரோட்ல 185வது அவென்யூ சிக்னல்ல சிவப்பு. கார் நிக்குது. மடியில இருந்த போன்ல வாட்ஸ்அப் சத்தம், வீட்டுக்காரி "தயிர்" னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருக்கா, நான் போனை கையில எடுத்து "சரி" னு டைப் பண்ணேன். அவ்வளவுதான். இருட்டுல அந்த ஸ்க்ரீன் வெளிச்சம் மூஞ்சில அடிச்சா பக்கத்து லேன்ல இருக்கறவருக்கு எவ்வளவு தெளிவா தெரியும்னு அன்னிக்குதான் புரிஞ்சுது, பக்கத்து லேன்ல இருந்தது போலீஸ் வண்டி. "கார் நின்னுட்டுதானே சார் இருந்துச்சு" ன்னு கேட்டேன். சிக்னல்ல நிக்கறதும் ஓட்டறதுதான்னு பொறுமையா சொல்லிட்டு டிக்கெட்டை எழுதிக் குடுத்துட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. ஓரிகன் சட்டத்துல இந்த குற்றத்தோட நம்பர் 811.507. கையில போனை வெச்சிருந்தாலே குற்றம், பேசினீங்களா டைப் பண்ணீங்களாங்கறது அடுத்த விஷயம். சிக்னல், டிராஃபிக் ஜாம், இப்படி தற்காலிகமா நிக்கறது எல்லாமே ஓட்டறதுலதான் சேரும். பத்திரமா ஓரம் கட்டி நிறுத்தியிருக்கணும், இல்லன்னா பார்க்கிங் எடத்துல இருக்கணும், அப்பதான் ஓட்டலைன்னு கணக்கு. கடை பார்க்கிங் லாட்ல எடம் தேடி சுத்திக்கிட்டே போன் பாக்கறதும் தப்புதான், ஏன்னா பொதுமக்கள் வந்துபோற எந்த எடமும் இதுல அடங்கும். போன் மட்டும்னு இல்ல, டேப்லெட், தனியா வாங்கி மாட்டற ஜிபிஎஸ், காரோட நிரந்தரமா பொருத்தாத எந்த எலக்ட்ரானிக் சாமானும் இதுலதான் வரும்.

இவ்வளவு கறாரா ஏன் எழுதினாங்கன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. 2010 ஜனவரில வந்த பழைய சட்டம் பேசறதையும் டெக்ஸ்ட் பண்றதையும் மட்டும்தான் தடுத்துச்சு. 2015ல ஓரிகன் அப்பீல் கோர்ட் ஒரு கேஸ்ல, ஒளிர்ற ஸ்க்ரீனை ஒருத்தர் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாருங்கறதை மட்டும் வெச்சு வண்டியை நிறுத்த முடியாது, அவர் பேசினாரு இல்ல டெக்ஸ்ட் பண்ணாருன்னு நம்பறதுக்கு காரணம் வேணும்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் "நான் மேப்தான் பாத்தேன்" "பாட்டுதான் மாத்தினேன்" னு யார் வேணும்னாலும் சொல்லிக்கலாம்னு ஆயிடுச்சு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017 அக்டோபர் 1லேர்ந்து புது சட்டம் வந்துச்சு, நாம இப்ப பேசற கோர்ஸ் வழியும் அந்த சட்டத்தோடதான் வந்துச்சு.

இனி வேலைக்கு வருவோம். டிக்கெட்டை எடுத்து மேசைல வெச்சு நிதானமா படிங்க. மூணு விஷயம் பாக்கணும். குற்ற நம்பர் 811.507தானா, எந்த கோர்ட் (சிட்டி கோர்ட்டா, ஜஸ்டிஸ் கோர்ட்டா, சர்க்யூட் கோர்ட்டா), எந்த தேதிக்குள்ள பதில் சொல்லணும். ஒரே ரோட்ல ஒரே போலீஸ் குடுத்தாலும் கோர்ட் வேறயா இருக்கலாம், ஒவ்வொரு கோர்ட்லயும் நடைமுறை வேற, அதனால ஃப்ரெண்டுக்கு என்ன ஆச்சுங்கறதை வெச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க. அந்த தேதியை தவறவிட்டா நீங்க இல்லாமலேயே தீர்ப்பு எழுதிடுவாங்க, கோர்ஸ் பேச்சுக்கே எடமிருக்காது.

யாருக்கு இந்த வாய்ப்பு உண்டுன்னா, இந்த குற்றத்துக்கு இது உங்களோட முதல் தீர்ப்பா இருக்கணும், உங்க போனால ஆக்சிடென்ட் நடந்திருக்கக்கூடாது. ரெண்டுல ஒண்ணு இடிச்சாலும் கிடையாது. ஆக்சிடென்ட்டுக்கு காரணமா இருந்திருந்தா முதல் தடவையையே ரெண்டாவது தடவை மாதிரி மேல் வகுப்பு குற்றமா எடுத்துப்பாங்க, வழக்கமான ஃபைன் 265லேர்ந்து 440 டாலருக்குப் போயிடும். பத்து வருஷத்துக்குள்ள மூணாவது தடவைன்னா அது ஃபைன் கட்டிட்டுப் போற விஷயமே இல்ல, மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம், 2,500 டாலர் வரைக்கும் ஃபைன், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் குடுக்கலாம். விசால இருக்கறவங்க இதை ரொம்ப சீரியஸா எடுத்துக்கணும், அந்த நிலைமை வந்தா கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் பேசிடுங்க.

அடுத்து கோர்ட் கிளர்க்குக்கு போன் பண்ணுங்க. பயப்பட ஒண்ணுமில்ல, தினம் இதே கேள்வியைக் கேக்கறவங்கதான். டிக்கெட் நம்பரை சொல்லிட்டு, "இது என்னோட முதல் 811.507, ஆக்சிடென்ட் எதுவும் இல்ல, டிஸ்ட்ராக்டட் டிரைவிங் அவாய்டன்ஸ் கோர்ஸ் எடுத்தா ஃபைனை சஸ்பெண்ட் பண்ண முடியுமா, அதுக்கு நான் நேர்ல வரணுமா இல்ல எழுதி அனுப்பணுமா" ன்னு கேளுங்க. சஸ்பெண்ட்னா ஃபைனை நிறுத்தி வைக்கறது. அந்த கோர்ஸ் பேரை அப்படியே சொல்லணும், சும்மா "டிராஃபிக் ஸ்கூல்" னு கேட்டீங்கன்னா வேற குற்றத்துக்கான வேற திட்டத்தைப் பத்தி சொல்லிடுவாங்க. யார் கூட எந்த தேதியில பேசினீங்க, என்ன சொன்னாங்கன்னு டிக்கெட் பின்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. இங்கிலீஷ்ல கோர்ட்ல பேச தயக்கமா இருக்கறவங்க, முக்கியமா ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா அம்மாவோ மாமனாரோ வண்டி ஓட்டி மாட்டிக்கிட்டிருந்தா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு இந்த போன்லயே சொல்லிடுங்க, கடைசி நிமிஷத்துல கேட்டா தேதி தள்ளிப்போகும்.

ஒரு விஷயத்தை தெளிவா புரிஞ்சுக்கணும். இது உங்க உரிமை இல்ல. ஜட்ஜ் சஸ்பெண்ட் பண்ணலாம்னுதான் சட்டம் சொல்லுது, பண்ணியே ஆகணும்னு சொல்லலை. அதனால கேக்கற விதம் முக்கியம். நேர்ல போறதா இருந்தா நேரத்துக்குப் போங்க, கூப்பிட்டதும் சுருக்கமா பேசுங்க. நான் சொன்னது மூணு வரிதான், கையில போன் இருந்தது உண்மை, இதுதான் முதல் தடவை, கோர்ஸ் எடுக்க விரும்பறேன். எனக்கு முன்னாடி நின்னவர் பத்து நிமிஷம் டிராஃபிக்கைப் பத்தியும் போலீஸைப் பத்தியும் பேசினார், அதெல்லாம் விசாரணைல பேசவேண்டிய பேச்சு, சலுகை கேக்கற எடத்துல பேசற பேச்சு இல்ல.

விசாரணைன்னதும் இதையும் சொல்லிடறேன். நெஜமாவே நீங்க தப்பு பண்ணலைன்னா கோர்ஸ் கேக்காதீங்க, நாட் கில்டி போட்டு விசாரணைக்குப் போங்க. 18 வயசுக்கு மேல இருந்து, ஹேண்ட்ஸ் ஃப்ரீயா பேசியிருந்தாலோ, மாட்டி வெச்ச போன்ல ஒரே ஒரு தடவை தொட்டு இல்ல தள்ளி ஒரு வசதியை ஆன் ஆஃப் பண்ணியிருந்தாலோ சட்டமே அதை எதிர்வாதமா ஏத்துக்குது. ஆனா அதை நிரூபிக்கவேண்டியது நீங்க. இந்த மாதிரி கேஸ்ல ஜூரி கிடையாது, ஜட்ஜ் ஒருத்தர்தான், ரெண்டு பக்கத்துல எது நம்பற மாதிரி இருக்குன்னு பாத்துதான் முடிவு பண்ணுவார். ப்ளூடூத் கால் லிஸ்ட், காருக்குள்ள மவுன்ட் இருக்கற போட்டோ, இதெல்லாம் கொண்டு போங்க. கோர்ஸ்தான் வேணும்னா கில்டி (தப்பை ஒத்துக்கறது) அல்லது நோ கான்டெஸ்ட் (ஒத்துக்கலை, ஆனா எதிர்த்து வாதாடவும் இல்ல), ரெண்டுல ஒண்ணு போடணும்.

ஜட்ஜ் சரின்னு சொன்ன உடனே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். தண்டனை சொன்ன நாள்லேர்ந்து 120 நாள், டிக்கெட் வாங்கின நாள்லேர்ந்து இல்ல. அதுக்குள்ள கோர்ஸையும் முடிக்கணும், முடிச்சதுக்கான சர்ட்டிஃபிகேட்டையும் கோர்ட்டுக்குக் குடுத்திருக்கணும். ரெண்டும் அதுக்குள்ளதான். நாலு மாசம் இருக்கேன்னு நம்பி இருந்தீங்கன்னா டிசம்பர்ல ஊருக்குப் போய் பொங்கல் முடிச்சு திரும்பி ஜெட்லாக்ல ரெண்டு வாரம் போனா பாதி காலி. நியாயமான காரணம் இருந்தா ஜட்ஜ் நாள் நீட்டிப்பார், ஆனா கெடு முடியறதுக்கு முன்னாடி நீங்களா போய் கேளுங்க. முடிக்கலைன்னா பழையபடி ஃபைன்.

கோர்ஸ் எதுன்னு தேடும்போதுதான் நெறைய பேர் ஏமாந்துடறாங்க. ஓரிகன் போக்குவரத்துத் துறை அங்கீகரிச்ச லிஸ்ட்ல இருக்கற கோர்ஸ்தான் செல்லும். கூகுள்ல தேடினா டிஃபென்சிவ் டிரைவிங், நாலு மணி நேர டிராஃபிக் ஸ்கூல், வயசானவங்களுக்கு இன்சூரன்ஸ் குறைக்கற கோர்ஸ்னு வரிசையா வரும், எல்லாத்துலயும் "கோர்ட் ஒத்துக்கும்" னு பெருசா போட்டிருப்பாங்க, எந்த ஸ்டேட் கோர்ட், எந்த குற்றத்துக்குன்னு போட்டிருக்க மாட்டாங்க. துறையோட லிஸ்டைப் பாத்து, அதுல இருக்கற பேரும் நீங்க காசு கட்டற எடத்தோட பேரும் ஒண்ணுதானான்னு சரி பாருங்க, சந்தேகமா இருந்தா கோர்ட்டுக்கே இன்னொரு போன் பண்ணிட்டு காசு கட்டுங்க. கோர்ஸ் காசு நம்ம கைக்காசுதான்.

சர்ட்டிஃபிகேட் வந்ததும் நீங்களே கோர்ட்டுக்கு அனுப்புங்க, கோர்ஸ் நடத்தறவங்க அனுப்பிடுவாங்கன்னு விடாதீங்க. டிக்கெட் நம்பரை அதுல எழுதுங்க, ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, ஒரு வாரம் கழிச்சு கூப்பிட்டு ஃபைல்ல ஏறிடுச்சான்னு கேட்டுடுங்க.

இப்ப யாருமே தெளிவா சொல்லாத ஒரு விஷயம். கோர்ஸ் முடிச்சா ஃபைன் போயிடும், ஆனா தீர்ப்பு போகாது. உங்க டிரைவிங் ரெக்கார்ட்ல அது குற்றத் தீர்ப்பாவே இருக்கும், இன்சூரன்ஸ்காரங்க ரெக்கார்டை எடுத்தா தெரியும், அடுத்த தடவை மாட்டினா அது ரெண்டாவதுதான். கலிஃபோர்னியாலேர்ந்து வந்தவங்க இதுலதான் குழம்பிடறாங்க. அங்க டிராஃபிக் ஸ்கூல் கதை நேர் எதிர், ஃபைனை முழுசா கட்டணும், ஸ்கூல் காசும் கட்டணும், அதுக்கு பதிலா பாயின்ட், அதாவது தப்புக்காக டிரைவிங் ரெக்கார்ட்ல ஏத்தற புள்ளி, மத்தவங்க கண்ணுல படாம மறைஞ்சுடும். அதுவும் அங்க போனுக்கு முதல் தடவை பாயின்டே கிடையாது, 2021 ஜூலைலேர்ந்துதான் 36 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவை மாட்டினா ஒரு பாயின்ட். ஓரிகன்ல பாயின்ட் முறையே கிடையாது, தீர்ப்புகளோட எண்ணிக்கையைத்தான் பாப்பாங்க.

வேற ஸ்டேட்ல இருக்கற சொந்தக்காரங்க சொல்றதை அப்படியே நம்பவேணாம்னு சொல்றது இதுக்குத்தான். ஃப்ளோரிடால ஸ்கூல் பக்கத்துலயோ ரோடு வேலை நடக்கற எடத்துலயோ போனை கையில வெச்சு முதல் தடவை மாட்டினா கோர்ஸ் எடுத்து ஃபைனும் பாயின்ட்டும் இல்லாம பண்ணிக்க வழி இருக்கு. மாசச்சூசெட்ஸ்ல ரெண்டாவது தடவை மாட்டினா 250 டாலரும் கட்டணும் கோர்ஸும் எடுக்கணும், ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணு இல்ல, ரெண்டுமே. லண்டன்ல ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கற நம்மவங்க சிலர் இன்னும் "கோர்ஸ் குடுப்பாங்க" ன்னு நெனைச்சுக்கிட்டிருக்காங்க, கையில போன் பிடிச்ச குற்றத்துக்கு அந்த வழியை 2017 மார்ச்லயே மூடிட்டாங்க, இப்ப 200 பவுண்டும் 6 பாயின்ட்டும்தான், லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகாதவங்களுக்கு அந்த 6 பாயின்ட்லயே லைசென்ஸ் போயிடும்.

ஃபைன் 265 டாலரை மிச்சம் பிடிக்கறதுக்காக மட்டும் நீங்க கோர்ஸ் எடுத்தா அது வீணாப் போன மாதிரிதான். ஒரு ஸ்க்ரீன்ல வீடியோவை ஓட விட்டுட்டு இன்னொரு ஸ்க்ரீன்ல ஆபீஸ் மீட்டிங்ல உக்காராதீங்க. கவனம் சிதறக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்கற பாடத்தையே கவனம் சிதறி கேக்கறதுல என்ன பிரயோஜனம். எனக்கு மனசுல நின்னது ரெண்டு விஷயம். கவனச்சிதறல் மூணு வகை, கண்ணு ரோட்டை விட்டுப் போறது, கை ஸ்டீயரிங்கை விட்டுப் போறது, மனசு ஓட்டறதை விட்டுப் போறது, டெக்ஸ்ட் பண்றப்ப மூணும் ஒரே நேரத்துல போயிடுது. ஒரு மெசேஜைப் படிக்க அஞ்சு செகண்ட்னு வெச்சா, 55 மைல் வேகத்துல அதுக்குள்ள கார் சுமார் 400 அடி போயிடும், ஒரு ஃபுட்பால் மைதானத்தோட நீளம்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான், எனக்கும் தெரியும். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை போர்ட்லாண்ட் போயிட்டு ஹைவே 26ல திரும்பி வர்றப்ப, பக்கத்து சீட்ல இருந்த வீட்டுக்காரிகிட்ட கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு வரைக்கும் எண்ணேன்னு சொன்னேன். எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு வர்றப்பவே கதவு கைப்பிடியை பிடிச்சுட்டா. அஞ்சுல கண்ணைத் தொறந்தப்ப, முன்னாடி தூரத்துல இருந்த எக்ஸிட் போர்டு தலைக்கு மேல போயிடுச்சு, பக்கத்துல ஒரு ட்ரக் புதுசா வந்து நிக்குது. "எப்ப வந்துச்சு இது" ன்னா. நீங்களும் இதை பண்ணிப் பாருங்க, ஓட்டாத ஆள் மட்டும்தான் கண்ணை மூடணும். வீட்ல 16, 17 வயசுல ஓட்டக் கத்துக்கற புள்ளைங்க இருந்தா அவங்களை பக்கத்துல உக்கார வெச்சு பண்ண வைங்க, 18 வயசு ஆகாதவங்களுக்கு ஓரிகன்ல ஹேண்ட்ஸ் ஃப்ரீகூட கிடையாதுங்கறதையும் அப்பவே சொல்லிடுங்க.

ரெண்டாவது விஷயம், சிக்னல்ல நிக்கறப்ப எடுத்தா என்னங்கற என்னோட பழைய வாதத்தையே உடைச்சுடுச்சு. யூட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் ஸ்ட்ரேயர்ங்கறவரோட குழு 2015ல காருக்குள்ள பேசி இயக்கற வசதிகளை வெச்சு சோதனை பண்ணாங்க. வேலை முடிஞ்சப்புறமும் 27 செகண்ட் வரைக்கும் மனசு முழுசா ரோட்டுக்குத் திரும்பி வர்றதில்லைன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது சிவப்புல "சரி" ன்னு டைப் பண்ணிட்டு பச்சை விழுந்ததும் கிளம்பினா, அடுத்த ரெண்டு க்ராஸிங்கை நான் பாதி மனசோட தாண்டியிருக்கேன். 185வது அவென்யூல சைக்கிள்ல போறவங்க, ஸ்ட்ரோலர் தள்ளிக்கிட்டு போறவங்க எத்தனை பேர்னு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும்.

அதனால கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கே போனை மாத்தி வைங்க, நாளைக்குன்னா நடக்காது. ஐபோன்ல டிரைவிங் ஃபோகஸ் இருக்கு, கார் ப்ளூடூத்ல சேர்ந்ததும் தானா ஆன் ஆகற மாதிரி வெச்சா மெசேஜ் சத்தமே வராது, அனுப்பறவங்களுக்கு ஓட்டிக்கிட்டிருக்கேன்னு பதில் தானா போற மாதிரியும் வெச்சுக்கலாம். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல டிரைவிங்னு தேடுங்க. மேப்பை காரை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போடுங்க. போனை மடியிலயோ கப் ஹோல்டர்லயோ வைக்காதீங்க, கை எட்டற தூரத்துல இருந்தா கை தானா போகும். நான் பையில போட்டு பின் சீட்ல வெச்சுடறேன், மொத ரெண்டு வாரம் கை சும்மா சும்மா மடியைத் தடவிச்சு, அப்புறம் நின்னுடுச்சு.

செட்டிங்ஸ்ல மாத்த முடியாதது ஒண்ணு இருக்கு, ஊர்லேர்ந்து வர்ற கால். குளிர்காலத்துல நமக்கு சாயங்காலம் ஆறு மணின்னா அங்க காலைல ஏழரை, அம்மா காபி குடிச்சுட்டு உக்கார்ற நேரம், நாம ஆபீஸ் விட்டு கார்ல ஏறற நேரம். வருஷக்கணக்கா நாமதான் பழக்கியிருக்கோம், "கார்ல போறப்ப கூப்பிடும்மா, அப்பதான் ஃப்ரீயா இருப்பேன்" னு. எடுக்கலைன்னா பயந்துடுவாங்க, மறுபடி மறுபடி அடிப்பாங்க, அந்த மூணாவது ரிங்லதான் நாம போனைத் தேடி குனியறோம். இதை சரி பண்ண ஒரே வழி அவங்ககிட்ட முன்கூட்டியே பேசறதுதான். நான் ஒரு சனிக்கிழமை உக்காந்து டிக்கெட் கதையை முழுசா சொன்னேன், மறைக்கலை. "ப்ளூடூத்ல பேசினா தப்பில்லையேடா" ன்னாங்க. தப்பில்லம்மா, ஆனா நீ பேசறப்ப என் மனசு நம்ம வீட்டு முற்றத்துல இருக்கு, ரோட்ல இல்லைன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் இனிமே உன் நேரம் ஆறே முக்காலுக்கு கூப்பிடறேன், வீட்டுக்குப் போயிருப்பல்லன்னாங்க.

இப்ப கால் எடுத்ததும் சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல. "காரை நிறுத்திட்டியாடா?" ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க.